ஓடைக்கரை லாட்ஜில் மூன்று கோடைகள்

லாட்ஜ் என்றதும் நம் ஊரில் கண்முன் வருவது பேருந்து நிலையத்துக்கு எதிரே, கீழே சாப்பாட்டுக் கடையும் மேலே வரிசை அறைகளுமாக நிற்கும் கட்டடம். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், பிளாக் ஹில்ஸ் மலைகளுக்கு நடுவே இருக்கும் ஸ்டேட் கேம் லாட்ஜ் அந்த வகை அன்று. மலைக்கல்லும் பைன் மரமுமாகக் கட்டிய பெரிய வீடு. முன்புறம் கல்தூண்கள் தாங்கும் அகலமான தாழ்வாரம். பக்கத்திலேயே ஓர் ஓடை. பெயரில் உள்ள 'கேம்' விளையாட்டைக் குறிப்பதும் இல்லை. வேட்டைக்குரிய விலங்குகளை அவர்கள் அப்படிச் சொல்வார்கள். இந்த மலைக்காடு முதலில் அந்த விலங்குகளுக்கான காப்பிடமாக இருந்து, 1919இல் கஸ்டர் ஸ்டேட் பார்க் என்ற மாநிலப் பூங்கா ஆனது. இன்று அதன் பரப்பு சுமார் 71,000 ஏக்கர்.

நான் இங்கே இரண்டு முறை தங்கியிருக்கிறேன். முதல் முறை 2009 ஆகஸ்டில், மகள் குடும்பத்தோடு. பேத்திக்கு அப்போது மூன்று வயது. மினியாபொலிஸிலிருந்து விடியுமுன் கிளம்பி, மிசௌரி ஆற்றைக் கடந்து, கண்ணுக்கெட்டும் தூரம் புல்லைத் தவிர வேறொன்றும் இல்லாத சமவெளியில் நாள் முழுக்க ஓட்டி, மாலையில் வந்து சேர்ந்தோம். இரண்டாம் முறை 2024 ஆகஸ்டில். அதே வழி, ஆனால் பாதித் தூரம் பேத்தியே ஓட்டினாள். மூன்றாவது ஒரு கோடையும் உண்டு. 1927இல் நடந்த அது என்னுடையதன்று. ஆனால் அந்த வீட்டில் இரண்டு இரவு படுத்து எழுந்தவர் யாரும் அந்தக் கோடையைத் தவிர்த்துவிட முடியாது. சுவரெல்லாம் அதன் படங்கள்தான்.

முதல் முறை நாங்கள் தங்கியது பின்னால் சேர்த்துக் கட்டிய அறைகளில். இரண்டாம் முறை பழைய வீட்டிலேயே மாடியில் அறை கிடைத்தது. நடந்தால் பலகை முனகும். நடுராத்திரியில் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கவும் யோசனையாக இருந்தது, கீழறைக்காரர் விழித்துக்கொள்வாரோ என்று. இந்த வீடு 1920இல் கட்டப்பட்டது. அடுத்த ஆண்டே தீயில் போனது. 1922இல் மறுபடி எழுப்பினார்கள். கட்டியவர் சி.சி. கிடியன் என்ற மரவேலை வல்லுநர். பூங்காவின் பொறுப்பையும் ஏற்று, மனைவியோடு சேர்ந்து லாட்ஜையும் நடத்தியவர் அவர்.

அவருக்கு மேலே, இந்த மலை முழுக்கத் தன் நிழலை விட்டுச் சென்றவர் பீட்டர் நார்பெக். கிணறு தோண்டும் தொழிலிலிருந்து வந்து ஆளுநராகி, பின்பு செனட்டர் ஆனவர். பூங்காவின் சாலைகளை அவர் மேசையில் வரைபடம் விரித்துத் தீர்மானிக்கவில்லை. குதிரையிலும் கால்நடையாகவும் அலைந்து, எந்த வளைவில் எந்தப் பாறை கண்ணில் பட வேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் குறித்தார். 1922இல் முடிந்த நீடில்ஸ் சாலை, ஊசி ஊசியாக நிற்கும் கருங்கல் தூண்களுக்குள் புகுந்து போகிறது. அதில் ஒரு குகைவழியின் அகலம் சுமார் 8 அடிதான். லாட்ஜிலிருந்து ரஷ்மோர் மலைக்குப் போகும் அயர்ன் மவுண்டன் சாலை 17 மைலில் 314 வளைவு வளைகிறது. இறக்கம் செங்குத்தாக வரும் இடங்களில் சாலை தன்னைத் தானே சுற்றிக்கொண்டு, தன் அடியிலேயே நுழைந்து வெளிவருகிறது. மரத்தால் ஆன அந்தச் சுருள் பாலங்கள் கிடியனின் யோசனை. பன்றிவால் பாலம் என்று பெயர். நார்பெக்குக்கு வேகம் பிடிக்காது. இந்த இடத்தை மெதுவாகத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். நூறு ஆண்டுக்குப் பிறகும் எங்கள் வண்டி அவர் விதித்த வேகத்தில்தான் போனது. வேறு வழியே இல்லை. ஒரு நல்ல சாலை அமைப்பவர் தன் காலத்துக்குப் பின்னும் மனிதர்களைப் பணிய வைக்க முடியும் என்று அங்கேதான் உணர்ந்தேன்.

இனி 1927. வாஷிங்டனில் வெள்ளை மாளிகையின் கூரையைப் பிரித்து வேலை நடந்துகொண்டிருந்தது. குடியரசுத் தலைவர் கால்வின் கூலிட்ஜ் கோடைக்கு எங்கே போவார் என்று பல மாநிலங்கள் போட்டி போட்டு அழைத்தன. நார்பெக் அழைத்தது இந்த லாட்ஜுக்கு. மூன்று வாரம் இருப்பதாக வந்தவர், ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை ஏறக்குறைய மூன்று மாதம் இருந்துவிட்டார். மனைவி கிரேஸ், நாய்கள், வளர்ப்பு ரக்கூன் ஒன்று எல்லாம் கூடவே. முப்பது மைலுக்கு மேல் தள்ளி ராபிட் சிட்டியின் உயர்நிலைப் பள்ளிக்கூடம் அவருடைய அலுவலகம் ஆனது.

அந்தக் கோடையில் எனக்கு மறக்காத பகுதி மீன். கூலிட்ஜுக்குத் தூண்டில் பழக்கம் இருந்தது, தேர்ச்சி இல்லை. டிரௌட் மீன் பிடிப்பவர்கள் இறகுப் பூச்சி கட்டி வீசுவதைப் பெருமையாக நினைப்பவர்கள். இவர் மண்புழு கோத்துப் போட்டார். வந்த விருந்தாளி வெறுங்கையோடு எழுந்துவிடக் கூடாது என்று, மாநில மீன்பண்ணையில் வளர்ந்த பெரிய டிரௌட்களைக் கொண்டுவந்து ஓடையில் விட்டார்கள். மேலேயும் கீழேயும் வலைத் தடுப்பு போட்டார்கள், மீன் ஓடிவிடாதபடி. தூண்டில் போட்டதும் மீன் கடித்தது. அவர் மகிழ்ந்துபோனார். ஈரல் தின்று வளர்ந்த பண்ணை மீன் சமைத்த பிறகும் ஈரலாகவே மணத்தது என்று ஒரு கதையும் உண்டு. ஓடைக்கும் அவர் மனைவியின் பெயரையே வைத்தார்கள். இன்றும் அது கிரேஸ் கூலிட்ஜ் ஓடைதான்.

இந்தக் கதையைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாப்பிள்ளை முதன்முதலாக விருந்துக்கு வரும் வீட்டில், கடன் வாங்கியாவது கோழி அடிக்கும் நம் கிராமத்து மாமனாரைத்தான் நான் நார்பெக்கில் பார்த்தேன். ஏழை மாநிலம், விலை விழுந்து நொந்துகிடந்த விவசாயிகளின் மாநிலம். தன்னிடம் இருந்ததை எல்லாம் எடுத்து வைத்தது. வந்தவரும் காயத்தோடு வந்தவர். மூன்று ஆண்டுக்கு முன், வெள்ளை மாளிகையின் டென்னிஸ் களத்தில் விளையாடி வந்த கொப்புளம் விஷமாகி, பதினாறு வயதுச் சின்ன மகனைப் பறிகொடுத்திருந்தார். படத்தில் அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கும் கணவன் மனைவி இருவரையும் நான் அந்தக் கணக்கோடுதான் பார்த்தேன்.

ஆகஸ்ட் 2 அன்று பள்ளிக்கூடத்தில் பத்திரிகையாளர்களை வரிசையில் நிற்க வைத்து, ஆளுக்கு ஒரு துண்டுத் தாளைக் கொடுத்தார் கூலிட்ஜ். பன்னிரண்டே சொல். 1928 தேர்தலில் நிற்கப் போவதில்லை என்பது செய்தி. ஒரு விளக்கமும் இல்லை. எட்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 10 அன்று, குதிரையேறிப் போய் ரஷ்மோர் மலைச் சிற்ப வேலையைத் தொடங்கி வைத்தார். செதுக்குவது அக்டோபரில் தொடங்கி 1941 வரை நடந்தது. அங்கே பாறையில் செதுக்கிய நாலு குடியரசுத் தலைவர்களின் முகங்களைப் பார்க்க இன்று போகிற கூட்டத்துக்கெல்லாம் முதல் அழைப்பு இந்த வீட்டிலிருந்துதான் போனது என்று சொல்லலாம்.

விருந்து என்று இவ்வளவு சொன்ன பிறகு, வீடு யாருடையது என்ற கேள்வியைத் தள்ளிவைக்க முடியாது. 2009இல் எனக்கு அது தோன்றவே இல்லை. இரண்டாம் முறைதான் தோன்றியது, அதுவும் பேத்தி கேட்டதால்.

இந்த மண்ணின் பூர்வகுடிகளான லகோட்டா மக்கள் இந்த மலைகளைப் பஹா சாப்பா என்கிறார்கள். கறுப்பு மலை என்று பொருள். பைன் காடு தூரத்திலிருந்து கறுப்பாகத் தெரிவதால் வந்த பெயர். ஆங்கிலப் பெயர் அதன் மொழிபெயர்ப்புதான். 1868இல் லாரமி கோட்டையில் அரசு எழுதிய உடன்படிக்கை இந்த மலைகளை அவர்களுக்கே என்று உறுதி சொன்னது. ஆறே ஆண்டில், 1874இல், கஸ்டர் என்ற படைத்தலைவர் ஆயிரம் பேரோடு உள்ளே நுழைந்தார். இப்போது பூங்காவுக்குள்ளும் ஓடும் பிரெஞ்ச் கிரீக் என்ற சிற்றாற்றில் தங்கம் தட்டுப்பட்டது. செய்தி பரவியதும் குடியேறிகள் திரண்டனர். 1876இல் லகோட்டாக்களோடு நடந்த லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் கஸ்டர் மாண்டார். 1877இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு மலையை எடுத்துக்கொண்டது. உடன்படிக்கையை மீறி உள்ளே வந்தவரின் பெயரைத்தான் பூங்கா இன்றும் தாங்கி நிற்கிறது.

1923இல் லகோட்டாக்கள் வழக்குத் தொடுத்தார்கள். ஆக, கூலிட்ஜ் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த கோடையில் அந்த வழக்கு நிலுவையில் இருந்தது. அதே கோடையில் டெட்வுட் என்ற ஊரில் லகோட்டாக்கள் அவருக்கு இறகுக் கிரீடம் சூட்டி, 'முன்செல்லும் கழுகு' என்று பெயரிட்டுத் தங்கள் மக்களில் ஒருவராக ஏற்றார்கள். அந்தப் படமும் பிரபலம். நான் அதை நெடுநேரம் பார்த்தேன். நிலத்தை இழந்து, நீதிமன்றப் படியேறி நிற்பவர்கள், அந்த அரசின் தலைவருக்குப் பெயர் சூட்டுகிறார்கள். வீட்டுக்காரர் செய்கிற வேலை அது. வந்தவரை உறவாக்கிக்கொள்வது. வழக்கு எங்கெங்கோ சுற்றி 1980இல் உச்ச நீதிமன்றத்தில் அவர்களுக்குச் சார்பாக முடிந்தது. வட்டியோடு பத்துக் கோடி டாலருக்கு மேல் இழப்பீடு. அவர்கள் வாங்கவில்லை, மலை விற்பனைக்கு இல்லை என்றார்கள். அந்தத் தொகை வட்டியிலேயே வளர்ந்து நூறு கோடியைத் தாண்டி இன்னமும் கருவூலத்தில் கிடக்கிறது. லகோட்டா மக்களின் பைன் ரிட்ஜ் பகுதி அந்த நாட்டின் மிக வறிய இடங்களில் ஒன்று என்பதை இதோடு சேர்த்துப் படித்தால்தான் அந்த மறுப்பின் எடை தெரியும்.

பேத்தி இதையெல்லாம் கல்லூரிக்கான ஒரு கட்டுரைக்காகப் படித்திருந்தாள். "பாட்டி, அப்ப நாம யாருக்கு வாடகை குடுக்கிறோம்?" என்றாள் தாழ்வாரத்தில். நான் பதில் சொல்லவில்லை.

இனி அந்த மலைக்கு உரிய இன்னொரு குடி. நம்மவர்களுக்குக் காட்டெருமை என்றால் முதுமலைக் காட்டுமாடு மனத்தில் வரும், அதனால் பைசன் என்றே எழுதுகிறேன். அங்கே பேச்சில் எல்லாரும் பஃபலோ என்றுதான் சொல்கிறார்கள். சமவெளியில் கோடிக்கணக்கில் திரிந்த இந்த விலங்கை, தோலுக்காகவும், அதை நம்பி வாழ்ந்த மக்களின் வயிற்றில் அடிப்பதற்காகவும் சுட்டுத் தள்ளினார்கள். 1880களின் முடிவில் மிஞ்சியவை சில நூறு. ஸ்காட்டி பிலிப் என்ற பண்ணைக்காரர் கொஞ்சத்தைக் காப்பாற்றி வைத்திருந்தார். அந்த மந்தையிலிருந்து 1914இல் 36 உருப்படியை மாநிலம் வாங்கி இங்கே கொண்டுவந்து விட்டது. இன்று கோடையில் சுமார் 1,400.

நடுவில் ஒரு பாடமும் உண்டு. 1940களில் மந்தை 2,500க்குப் பெருகிவிட்டது. புல் தாங்கவில்லை, தரை மொட்டையானது. காப்பாற்றினால் மட்டும் போதாது, எத்தனைக்குப் புல் இருக்கிறது என்று எண்ண வேண்டும் என்று புரிந்தது. அதனால்தான் 1960களிலிருந்து ஆண்டுதோறும் செப்டம்பரில் குதிரைக்காரர்கள் மந்தையை வளைத்துப் பட்டிக்கு ஓட்டிவருகிறார்கள். கன்றுகளுக்குத் தடுப்பூசி, சூடு. மழை பெய்த அளவையும் புல்லின் நிலையையும் பார்த்து, மிச்சத்தை ஏலத்தில் விற்கிறார்கள். அந்த ஓட்டத்தைப் பார்க்க இருபதாயிரம் பேர் போல வருகிறார்கள். நான் பார்த்ததில்லை. ஆனால் ஆகஸ்ட் பார்த்திருக்கிறேன். அது அவற்றின் இணைசேரும் பருவம். கிடாக்கள் போடும் சத்தத்தை முதல் முறை கேட்டபோது எங்கோ லாரி சுமையோடு மேடேறுகிறது என்று நினைத்தேன். மண்ணில் புரண்டு எழுந்து தாடியிலிருந்து புழுதி உதிர ஒரு கிடா எங்கள் காரைக் கடந்துபோனது. அதன் திமில் ஜன்னலுக்கு மேலே இருந்தது. மூன்று வயதுப் பேத்தி மூச்சே விடாமல் என் புடவையைப் பிடித்திருந்தாள்.

இப்போதும் அதே சாலை, அதே சத்தம். மாறியது மனிதர்கள். 2009இல் மூன்று நாலு கார் நின்று, கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு நகர்ந்தது. இந்த முறை முப்பது நாற்பது வண்டி. கைப்பேசியை நீட்டிக்கொண்டு சிலர் இறங்கியே விட்டார்கள். நூறு கஜம் தள்ளி நில்லுங்கள் என்று ஊரெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். சாதுவாகத் தெரிகிற அந்த உடம்பு மணிக்கு 35 மைல் வேகத்தில் ஓடும். இளைஞர் ஒருவர் தன் குழந்தையைப் பைசன் பக்கம் முதுகு காட்டி நிறுத்திப் படம் எடுத்தபோது என் மகள் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். நல்லவேளை, அவர் கேட்டார்.

சாலையோரம் காரின் ஜன்னலுக்குள் தலையை நுழைக்கும் கழுதைகளுக்கும் ஒரு பூர்வ கதை. சில்வன் ஏரியிலிருந்து மலையுச்சிக்குச் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்தவற்றின் வாரிசுகள் இவை. 1920களில் அந்தச் சவாரி நின்றது. கழுதைகளைக் காட்டிலே விட்டுவிட்டார்கள். நூறு ஆண்டாக அவை மனிதரிடம் தீனி வாங்கும் தொழிலை மட்டும் மறக்கவில்லை.

காடு மாறியிருந்தது. இதுதான் இரண்டாம் வருகையில் எனக்கு முதலில் உறைத்தது. 2009இல் மலைச்சரிவில் ஆங்காங்கே பைன்கள் செம்பழுப்பாக நின்றன. இலையுதிர்காலம் சீக்கிரம் வந்துவிட்டதோ என்று கேட்டு அசடானேன். பைன் இலை உதிர்க்காது. அது வண்டு தின்ற மரம். அரிசி மணி அளவுள்ள ஒரு பட்டை வண்டு துளைத்து உள்ளே போய், கூடவே ஒரு பூஞ்சையையும் கொண்டுபோகிறது. மரத்தின் நீரோட்டம் அடைபட்டு, அடுத்த கோடையில் ஊசியிலை முழுதும் சிவந்துவிடுகிறது. கஸ்டரோடு 1874இல் வந்த இல்லிங்வொர்த் எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. அதே இடங்களில் பின்னால் நின்று எடுத்த படங்களோடு அவற்றை வைத்துப் பார்த்தால், அன்று மரம் குறைவு, புல்வெளி அதிகம். அவ்வப்போது வந்த சிறு தீ இளங்கன்றுகளைத் தின்று இடைவெளி விட்டிருந்தது. ஒரு நூற்றாண்டாகத் தீயை உடனுக்குடன் அணைத்ததில் காடு நெருங்கியது. நெருங்கிய காட்டில் வண்டுக்கு அடுத்த மரம் கைக்கெட்டும் தூரம்.

பிறகு தீயும் வந்தது. 2017 டிசம்பர் 11, பனி பெய்ய வேண்டிய மாதம். லீஜன் ஏரிக்குப் பக்கத்தில் காற்றில் சாய்ந்த மரம் மின்கம்பியில் விழுந்தது. சுமார் 54,000 ஏக்கர் எரிந்தது. அதில் பெரும்பகுதி பூங்காவுக்குள். கழுதைகளுக்குத் தீக்காயம். லாட்ஜ் தப்பியது. 1921இல் ஒரு முறை எரிந்த வீடு அது என்பதால் அந்தச் செய்தியை மினசோட்டாவிலிருந்து மகள் தொலைபேசியில் சொன்னபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2024இல் நான் பார்த்த சரிவுகளில் கரிந்த தண்டுகள் இன்னும் நின்றன. அவற்றின் காலடியில் இடுப்பளவு புல். பைசன்கள் அங்கேதான் மேய்ந்துகொண்டிருந்தன. எரியாத பைன் ஒன்றின் பட்டையில் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தேன். வெயில் பட்டால் வெனிலா மணம் வரும் மரம் அது. மணம் அப்படியே இருந்தது.

கிரேஸ் கூலிட்ஜ் ஓடையில் இப்போதும் மாநில அரசு டிரௌட் விடுகிறது. இன்னாருக்கு என்று இல்லை. உரிமச் சீட்டு வாங்கிய யாரும் பிடிக்கலாம். வலைத் தடுப்பும் கிடையாது. கூலிட்ஜ் தங்கிய அறையும் 1953இல் குடியரசுத் தலைவர் ஐசனோவர் தங்கிய அறையும் கூட வாடகைக்குக் கிடைக்கின்றன. குடியரசுத் தலைவர் படுத்த அறை என்று கயிறு கட்டி அடைத்து வைக்காமல், காசு கொடுத்தவரைப் படுக்க விடுவது எனக்குப் பிடித்திருந்தது. வீடு வீடாகவே இருக்கிறது.

கடைசி நாள் சிகரம். 7,242 அடி. 2009இல் அதற்கு ஹார்னி பீக் என்று பெயர். சில்வன் ஏரிக்கரையில் பாதை தொடங்கும் இடத்தில், அந்தப் பெயர் எழுதிய பலகைக்கு அடியில் என் கணவர் தோளில் பேத்தி உட்கார்ந்திருக்கும் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. ஹார்னி ஒரு ராணுவத் தளபதி. 1855இல் அவர் படை நெப்ராஸ்காவில் லகோட்டாக்களின் முகாமைத் தாக்கிப் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றது. அவர்களுடைய புனித மலைக்கு அவர்களைக் கொன்றவரின் பெயர். 2016இல் அதை மாற்றி பிளாக் எல்க் பீக் என்றார்கள். பிளாக் எல்க் லகோட்டா ஞானி. ஒன்பது வயதில் நோயில் கிடந்தபோது தன்னைத் தூக்கிச்சென்று உலகின் நடுவில் நிறுத்திய ஒரு தரிசனத்தைக் கண்டார். அந்த நடு இந்தச் சிகரம்தான் என்று பிற்பாடு சொன்னார்.

என் முழங்கால் உச்சிவரை விடவில்லை. அரை மைல் கீழே ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டு, மற்றவர்களை அனுப்பினேன். எதிரே மரத்தின் கிளைகளில் சிவப்பு, மஞ்சள், கறுப்பு, வெள்ளைத் துணிகள் முடிந்து தொங்கின. வெயிலில் வெளுத்தவையும் உண்டு, நேற்றுக் கட்டியது போன்றவையும் உண்டு. வேண்டுதல் துணிகள். நம் ஊர் அம்மன் கோயில் வேம்பில் தொட்டில் கட்டியவரிடம் அதை அவிழ்த்துக் காட்டச் சொல்லிக் கேட்போமா? நானும் கிட்டே போகவில்லை. பேத்தி இறங்கி வரும்போது அவள் கையில் கைப்பேசி இருந்தது. அந்த மரத்தைப் பார்த்ததும் நான் சொல்லாமலே பையில் போட்டுக்கொண்டாள்.

மாலையில் லாட்ஜில், சாவிக்காக நின்றபோது மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பகலெல்லாம் எங்கே போனோம் என்று கேட்டாள்.

"ஹார்னி பீக்" என்றேன். பதினைந்து ஆண்டாகக் கூடத்துப் படத்தைக் காட்டிக் காட்டிச் சொன்ன பெயர், வாயில் அதுதான் முதலில் வந்தது.

பேத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அது எங்க இருக்கு, பாட்டி?" என்றாள்.